பழைய புல்லட்டும் தொலைந்த கையேடும்

பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றை விலைபேசும்போது நம் மாணவ நண்பர்கள் எத்தனையோ கேள்விகள் கேட்கிறார்கள். லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடும், டயர் மாற்றி எவ்வளவு நாளாயிற்று, இன்ஷூரன்ஸ் எதுவரை இருக்கிறது, விலையில் இன்னும் ஓர் ஆயிரம் குறையாதா என்றெல்லாம் கேட்பார்கள். வண்டி புதிதாக விற்பனையான நாளில் அதனோடு கொடுக்கப்பட்ட சிறு புத்தகம் எங்கே என்று கேட்பவரைக் காண்பது அரிது. கேட்டாலும், “அதெல்லாம் எப்போதோ போய்விட்டது, தம்பி” என்பதே பெரும்பாலும் கிடைக்கும் பதில்.

அந்தப் புத்தகத்தைத்தான் ஓனர்ஸ் மேனுவல் என்கிறோம். தமிழில் கையேடு என்று சொல்லிக்கொள்வோம். எந்த எண்ணெயை எங்கே எவ்வளவு ஊற்றுவது, டயரில் எவ்வளவு காற்று அடைப்பது, எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை எதைப் பார்ப்பது, எந்தப் பல்பு எத்தனை வாட் என்பன போன்ற செய்திகள் அதில் இருக்கும். “மெக்கானிக்கைக் கேட்டால் போயிற்று, புத்தகம் எதற்கு?” என்று சிலர் நினைக்கலாம். பழுது பார்ப்பது மெக்கானிக்கின் வேலை. நாள்தோறும் வண்டியை எடுப்பதும் நிறுத்துவதும் எண்ணெய் பார்ப்பதும் நம் வேலை. அந்த வேலைக்கு எழுதப்பட்டதே இந்தக் கையேடு.

புல்லட் மோட்டார் சைக்கிளை உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். நம் கல்லூரி வட்டாரங்களில் அதன்மேல் உள்ள மோகம் ஒரு காரணம். தொலைந்த கையேட்டைத் தேடுவதில் உள்ள சிக்கல்கள் எல்லாம் அந்த ஒரு வண்டியிலேயே அடங்கியிருப்பது மற்றொரு காரணம்.

இங்கிலாந்தில் ரெடிட்ச் என்னும் ஊரில் தோன்றிய வண்டி அது. 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனமும் அந்த ஆங்கிலக் கம்பெனியும் சேர்ந்து என்ஃபீல்ட் இந்தியா என்ற கம்பெனியைத் தொடங்கின. சென்னைக்கு வடக்கே திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. 1970-இல் ஆங்கிலேயர் தங்கள் தொழிலையே மூடிவிட்டார்கள். திருவொற்றியூரில் வேலை நிற்கவில்லை. 1994-இல் கம்பெனி ஐஷர் நிறுவனத்தின் கைக்கு வந்தது. இத்தனை மாறுதல்களுக்கும் இடையே பெட்ரோல் டாங்கியின் மேல் எழுதிய பெயர் மட்டும் புல்லட் என்றே நின்றது. பெயர் நின்றதே தவிர, பெயருக்குள் இருந்த இயந்திரம் அப்படியே நிற்கவில்லை.

மிக முக்கியமான வேற்றுமையை முதலில் சொல்லிவிடுகிறேன். பழைய புல்லட்டில் கியர் வலது காலுக்கு, பின்சக்கர பிரேக் இடது காலுக்கு. பின்னால் வந்த வண்டிகளில் இது தலைகீழ். பழையதில் முதல் கியருக்கு நெம்புகோலை மேலே தூக்க வேண்டும். இரண்டு, மூன்று, நான்குக்குக் கீழே அழுத்த வேண்டும். புதியதில் முதல் கியர் கீழே, மற்றவை மேலே. இந்தக் காலத்து வண்டியில் பழகியவர் பழைய புல்லட்டில் ஏறிக் கடைவீதியில் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். குறுக்கே ஒரு குழந்தை ஓடிவருகிறது. பழக்கத்தால் வலது கால் கீழே அழுத்துகிறது. பிரேக் பிடிக்காது. வண்டி அடுத்த கியருக்குப் போகும். கையேட்டின் முதற்பக்கங்களில் இருக்கும் சாதாரணப் படம் ஒன்று எவ்வளவு பெரிய விஷயம் என்பது அப்போது தெரியும்.

எண்ணெய் விஷயத்தைப் பார்ப்போம். பழைய புல்லட்டில் என்ஜின் ஒரு பெட்டி, அதற்கு இடப்புறம் கிளச்சும் சங்கிலியும் உள்ள பெட்டி மற்றொன்று, பின்னால் கியர் பெட்டி மூன்றாவது. மூன்றுக்கும் தனித்தனி எண்ணெய். 2009-இல் வெளிவந்த கிளாசிக் முதலிய வண்டிகளில் என்ஜினும் கியரும் ஒரே கூட்டில் அமைந்து ஒரே எண்ணெயில் ஓடுகின்றன. புது வண்டியின் கையேட்டை வைத்துக்கொண்டு பழைய வண்டியைப் பராமரிப்பவர் ஓரிடத்தில் எண்ணெய் மாற்றிவிட்டு வேலை முடிந்தது என்று நிம்மதியாக இருப்பார். மற்ற இரண்டு பெட்டிகளும் வறண்டுகொண்டிருக்கும். எண்ணெய் அளவு பார்ப்பதிலும் ஒரு நுட்பம் உண்டு. பழைய வண்டி பல நாள் சும்மா நின்றால், எண்ணெய் தன் தொட்டியிலிருந்து மெல்ல என்ஜினின் அடிப்பகுதிக்குக் கசிந்து இறங்கிவிடும். காலையில் அளவுகோலை எடுத்துப் பார்த்தால் எண்ணெய் குறைந்ததுபோல் தோன்றும். அதை நம்பி மேலும் ஊற்றினால் அளவு மிஞ்சும். சிறிது நேரம் ஓடவிட்டு நிறுத்திய பிறகே பார்க்க வேண்டும்.

மின்சாரத்திலும் இப்படித்தான். பழையவை 6 வோல்ட், பிந்தியவை 12 வோல்ட். டீசலில் ஓடிய புல்லட்டும் உண்டு. அதற்கும் பெட்ரோல் புல்லட் கையேட்டுக்கும் என்ஜின் விஷயத்தில் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

ஆகவே “புல்லட் மேனுவல் வேண்டும்” என்று தேடுவது, “சென்னையில் சுப்பிரமணியத்தைப் பார்க்க வேண்டும்” என்று புறப்படுவதற்கு ஒப்பாகும். எந்தச் சுப்பிரமணியம்? முதலில் வண்டியின் அடையாளத்தைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். நம்மில் பலரும் செய்யாமல் விடுவது இந்த வேலையைத்தான்.

ஆர்.சி. புத்தகத்தில், அல்லது இப்போதுள்ள அட்டையில், சேஸிஸ் எண்ணும் என்ஜின் எண்ணும் வண்டி தயாரான மாதமும் ஆண்டும் இருக்கும். பதிவான தேதி வேறு, தயாரான தேதி வேறு. சில புல்லட்டுகள் ராணுவத்தில் உழைத்து, ஏலத்தில் விற்கப்பட்டு, அதன்பின் பொதுமக்கள் பெயரில் பதிவானவை. பதிவான ஆண்டை வைத்துக் கையேடு தேடினால், சில சமயம் பல ஆண்டுகள் தள்ளிப்போய்விடுவோம். அட்டையில் உள்ள எண்களை வண்டியில் பொறித்திருக்கும் எண்களோடு நேரிலே ஒத்துப்பார்ப்பது அவசியம். என்ஜின் எண் ஒத்துவராவிட்டால், கையேட்டை மறந்துவிட்டு அந்த வண்டியையே ஏன் வாங்க வேண்டும் என்று யோசிப்பது நலம்.

பிந்திய காலத்து வண்டிகளில் சேஸிஸ் எண் 17 எழுத்துகளும் இலக்கங்களும் கொண்டது. முதல் மூன்றும் தயாரித்தவரைக் குறிக்கும்: மாருதிக்கு எம்.ஏ.3, பஜாஜுக்கு எம்.டி.2, ராயல் என்ஃபீல்டுக்கு எம்.இ.3. ஆங்கில எழுத்துகளில் ஐ, ஓ, கியூ மூன்றும் இந்த எண்ணில் வாரா. ஆதலால் வட்டமாகத் தெரிவது பூஜ்யம், கோடாகத் தெரிவது ஒன்று என்று தயங்காமல் எழுதிக்கொள்ளலாம்.

இனித் தேடும் இடங்கள். முதல் இடம் விற்றவர் வீடு. பணம் கொடுக்கும் முன்பே கேட்க வேண்டும். கொடுத்த பிறகு யார் பரண் ஏறித் தேடுவார்கள்? கையேடு இல்லையென்றால், சர்வீஸ் கூப்பன் புத்தகம், பழைய ரசீதுகள், இரண்டாவது சாவி இவற்றையேனும் கேளுங்கள். கூப்பனில் உள்ள முத்திரையிலிருந்து வண்டி எந்த விற்பனையாளரிடம் போயிற்று என்பது தெரியும். அவரிடம் பழைய பிரதி கிடைத்தாலும் கிடைக்கும்.

அடுத்தது தயாரித்த கம்பெனி. அண்மைக் காலத்து வண்டிகளுக்குப் பெரும்பாலான கம்பெனிகள் தங்கள் இணையதளத்தில் கையேட்டை இலவசமாகவே வைத்திருக்கின்றன. இலவசமாகக் கிடைப்பதைப் பணத்துக்கு விற்கும் தளங்களும் உண்டு. வங்கி அட்டையின் எண்ணைக் கேட்டால் அந்த வாசலை விட்டுத் திரும்பிவிடுங்கள். கையேடு என்று சொல்லி, கம்ப்யூட்டரில் நிறுவ வேண்டிய ஏதோ ஒரு புரோகிராமைக் கொடுத்தாலும் அப்படியே.

மிகப் பழைய வண்டியென்றால் கம்பெனியும் கைவிரிக்கலாம். அப்போது கடைவீதிதான் கதி. பெங்களூரில் இருக்கிறவர்கள் ஜே.சி. ரோட்டின் உதிரிப்பாகக் கடைகளையும் அவென்யூ ரோட்டின் பழைய புத்தகக் கடைகளையும் ஒரு நடை பார்க்கலாம். டில்லிக்காரர்களுக்குக் காஷ்மீர் கேட், கல்கத்தாக்காரர்களுக்கு மல்லிக் பஜார். அங்கே போகும்போது மூன்று வகைப் புத்தகங்கள் உண்டு என்பது தெரிந்திருக்க வேண்டும். ஓட்டுகிறவருக்கு எழுதியது ஓனர்ஸ் மேனுவல். மெக்கானிக்குக்கு எழுதியது ஒர்க்‌ஷாப் மேனுவல். என்ஜினைப் பிரித்துப் பூட்டும் முறையெல்லாம் அதில் இருக்கும். மூன்றாவது பார்ட்ஸ் கேட்டலாக். ஒவ்வொரு பாகமும் தனித்தனியே பிரிந்து நிற்பதுபோல் படம் போட்டு எண் கொடுத்திருப்பார்கள். கடைக்காரரிடம் முதலாவது இருப்பது அபூர்வம். மூன்றாவது இருக்க இடமுண்டு. அவர் அதைத் தரமாட்டார், அது அவருடைய தொழிற்கருவி. ஆனால் சாமான் வாங்குகிறவர் பணிவாகக் கேட்டால் இரண்டு பக்கம் படமெடுத்துக்கொள்ள விடுவார். எது எந்த ஆண்டு வண்டிக்கு என்ற குறிப்பு அதில் இருப்பதால், நம் வண்டி எது என்று உறுதிசெய்யவும் அது உதவும்.

இங்கிலாந்தில் அச்சான பழைய புல்லட் கையேடுகளின் நகல்கள் எளிதில் அகப்படுகின்றன. அழகான படங்கள், தெளிவான ஆங்கிலம். கண்டவுடன் ஆசை வரும். ஆனால் அதில் ஆமல் கார்புரேட்டரைப் பற்றி எழுதியிருக்கும். திருவொற்றியூரில் பின்னாளில் செய்த வண்டியில் இருப்பதோ மிக்கார்ப். அளவுகள் எல்லாம் அங்குலத்திலும் பைண்ட்டிலும் இருக்கும். ஆங்கிலப் பைண்ட் 568 மில்லிலிட்டர். அமெரிக்கப் பைண்ட் 473 மில்லிலிட்டர்தான். அமெரிக்காவுக்கு ஏற்றுமதியான வண்டியின் கையேடு கையில் கிடைத்தால் இந்த வித்தியாசத்தை மறக்கக்கூடாது. காற்றழுத்தத்தைச் சில கையேடுகள் சதுர சென்டிமீட்டருக்கு இத்தனை கிலோகிராம் என்று கொடுக்கும். அதில் ஒன்று ஏறத்தாழ 14.2 பவுண்டுக்குச் சமம்.

கிடைத்த புத்தகம் நம் வண்டிக்குரியதுதானா என்று பார்ப்பது கடினமன்று. புத்தகத்தைத் திறந்து வண்டியின் பக்கத்தில் உட்கார்ந்துவிட வேண்டும். கியர் எந்தப் பக்கம், பாட்டரி எத்தனை வோல்ட், கார்புரேட்டர் எது, முன்சக்கரத்தில் டிரம்மா டிஸ்க்கா, எண்ணெய் ஊற்றும் வாய்கள் எத்தனை: இந்த ஐந்தும் படத்தோடு ஒத்தால் அந்தப் புத்தகத்தின் எண்களை நம்பலாம். ஏதேனும் ஒன்று ஒத்துவராவிட்டால் இரண்டு காரணங்கள் இருக்கக்கூடும். புத்தகம் வேறு வண்டிக்குரியதாக இருக்கலாம்; அல்லது வண்டியை யாரோ மாற்றியிருக்கலாம்.

இரண்டாவது காரணம் பழைய வண்டிகளில் சர்வசாதாரணம். வலப்பக்கக் கியரை இடப்பக்கத்துக்கு மாற்றியவர்கள், 6 வோல்ட்டை 12 ஆக்கியவர்கள், பாயிண்டை எடுத்துவிட்டு எலக்ட்ரானிக் முறை வைத்தவர்கள் பலர். தொழிற்சாலையை விட்டு வெளிவந்த நாளில் வண்டி எப்படி இருந்தது என்பதைத்தான் கையேடு சொல்லும். அதற்குப்பின் நடந்ததை விற்றவரும் அவருடைய மெக்கானிக்குமே சொல்ல முடியும். அந்த மெக்கானிக்கின் பெயரைக் கேட்டு வாங்கிக்கொண்டு, ஒரு மாலைப்பொழுது அவரோடு உட்கார்ந்து பேசி, கேட்டதைக் கையேட்டின் ஓரங்களில் பென்சிலால் குறித்துக்கொள்வது நல்லது.

பெட்ரோல் விஷயத்திலும் பழைய கையேட்டை அப்படியே பின்பற்ற இயலாது. ஈயம் கலந்த பெட்ரோல் நம் நாட்டில் 2000-ஆம் ஆண்டோடு நின்றுவிட்டது. 2025-இல் பங்குகளில் விற்ற பெட்ரோலில் எத்தனால் 20 விழுக்காடு வரை கலந்திருந்தது. அக்காலத்து ரப்பர் குழாய்களும் வாஷர்களும் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. உப்பியும் வெடித்தும் போகக்கூடும். எத்தனால் ஈரத்தை இழுக்கும் குணமுடையது. ஆகவே விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது மாதக்கணக்காக டாங்கியில் பெட்ரோலைத் தேக்கி வைத்துவிட்டுப் போகாதீர்கள். பெட்ரோல் குழாயைத் தொட்டுப் பார்த்து, விறைத்திருந்தால் எத்தனால் தாங்கும் குழாயாக மாற்றிவிடுங்கள்.

கையேடு கிடைக்கும்வரை என்ன செய்வது என்று கேட்பீர்கள். காற்றழுத்தத்துக்கு டயரின் பக்கவாட்டில் உள்ள எண்ணைப் பார்த்து அடைக்காதீர்கள். அது அந்த டயர் தாங்கக்கூடிய உச்ச அளவே தவிர, உங்கள் வண்டிக்கு உகந்த அளவன்று. அதே பக்கத்தில் நான்கு இலக்கங்கள் சேர்ந்த எண் ஒன்று இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் செய்த டயர். “போன வருஷம்தான் மாற்றினேன்” என்பவரின் வாக்கை அங்கேயே சோதித்துவிடலாம்.

கிக்கரை உதைப்பதிலும் அவசரம் வேண்டாம். பழைய புல்லட் சரியாக உதைக்காதவரின் காலைத் திருப்பி உதைக்கும். கணுக்கால் வீங்கியவர்கள் நம் விடுதிகளில் இல்லாமலில்லை. அம்மீட்டர் உள்ள வண்டியில் சாவியைத் திருப்பிவிட்டு, கிக்கரை மெல்ல அழுத்தி, முள் நடுவுக்கு வரும் இடத்தில் நிறுத்த வேண்டும். டீகம்ப்ரஸர் நெம்புகோலை இழுத்துப் பிடித்துக்கொண்டு இன்னும் சிறிதே அழுத்தி, நெம்புகோலை விட்டுவிட்டு, கிக்கரை மேலே வரவிட வேண்டும். அதன்பின் தயக்கமில்லாமல் ஒரே உதை, அடிவரைக்கும். முதல் நாள் இதை ஆளில்லாத மைதானத்தில், துணைக்கு ஒருவரை வைத்துக்கொண்டு செய்து பாருங்கள். அங்கேயே, வண்டியைச் சாலைக்குக் கொண்டுவருமுன், எந்தக் காலில் பிரேக் இருக்கிறது என்பதைக் கால் தானாக அறியும்வரை சுற்றிச்சுற்றி ஓட்டுங்கள்.