சட்டை மாற்றும் கிருமி



"பிள்ளைக்கு எல்லா ஊசியும் போட்டாச்சு, அப்புறம் எப்படி மூளைக்காய்ச்சல் வரும்?" என்று குழுக் கூட்டங்களில் எங்களிடம் கேட்கிறீர்கள். நியாயமான கேள்விதான்.

மூளைக்காய்ச்சலை உண்டாக்கும் கிருமிகள் பல. அதில் ஒன்று மெனிங்கோகாக்கஸ். சுமார் பத்துப் பேரில் ஒருவர் தொண்டையில் இது சும்மாவே இருக்கும். சிலருக்கு மட்டும் ரத்தத்தில் கலந்து, மூளையைச் சுற்றியுள்ள சவ்வைத் தாக்கும்.

நம் உடம்பு கிருமியை அதன் மேல்சட்டையை வைத்துத்தான் அடையாளம் காணும். அந்தச் சட்டையில் பல புரதங்கள் உண்டு. அவை எப்படி இருக்க வேண்டும் என்பதைக் கிருமியின் மரபணு முடிவு செய்கிறது. மரபணு கொஞ்சம் மாறினால் சட்டையும் மாறும். பக்கத்து வீட்டு அக்காவின் பிளவுஸ் மாடலைப் பார்த்து நாம் தைப்பது போல, ஒரு கிருமி இன்னொரு கிருமியின் மரபணுத் துண்டை எடுத்துச் சேர்த்துக்கொள்வதும் உண்டு. பழைய சட்டையை மட்டும் தெரிந்த உடம்பு ஏமாந்துவிடும்.

ஏ, சி போன்ற வகைகளுக்கு, கிருமியை மூடியுள்ள சர்க்கரைப் போர்வையை வைத்து ஊசி செய்தார்கள். பி வகையின் போர்வையோ நம் நரம்பில் உள்ள ஒரு பொருளைப் போலவே இருக்கும். உடம்பு அதை எதிரியாக நினைக்காது. அதனால் புரதத்தைத்தான் நம்ப வேண்டியதாயிற்று.

நியூசிலாந்தில் 1991 முதல் பி வகை நோய் பரவியது. பெரும்பாலும் ஒரே சட்டை போட்ட கிருமி. அதற்கென்றே ஊசி தயாரித்து, 2004 முதல் சுமார் 10 லட்சம் குழந்தைகளுக்கும் இளைஞர்களுக்கும் போட்டார்கள். நோய் குறைந்தது. ஆனால் வேறு சட்டை போட்ட கிருமிகள் உள்ள நாடுகளுக்கு அந்த ஊசி மட்டும் போதாது. பிறகு கிருமியின் மரபணு முழுவதையும் படித்து, பல கிருமிகளிலும் காணப்படும் புரதங்களைத் தேடிப் பிடித்தார்கள். அவற்றோடு நியூசிலாந்து ஊசியின் பொருளையும் சேர்த்த புது ஊசிக்கு 2013-ல் ஐரோப்பாவில் அனுமதி கிடைத்தது. 2015 முதல் பிரிட்டனில் கைக்குழந்தைகளுக்குப் போடுகிறார்கள்.

நம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் போடும் பென்டாவேலன்ட், நிமோகாக்கல் ஊசிகள் மூளைக்காய்ச்சல் தரும் வேறு இரண்டு கிருமிகளைத் தடுப்பவை. அவற்றைத் தவறாமல் போடுங்கள். ஆனால் எல்லாக் கிருமிக்கும் ஒரே ஊசி கிடையாது.

ஆகவே ஊசி போட்ட பிள்ளையானாலும், கடும் காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, வாந்தி, மயக்கம், வலிப்பு இருந்தாலோ, கைக்குழந்தை பால் குடிக்காமல் துவண்டாலோ, உச்சிக்குழி புடைத்தாலோ, "மந்திரிச்சுப் பார்ப்போம், விடியட்டும்" என்று காத்திருக்காதீர்கள். சில மணி நேரமே உயிரைத் தீர்மானிக்கும். உடனே 108-ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்குப் போங்கள்.

அடுத்த குழுக் கூட்டத்தில் இதைப் படித்துக் காட்டுங்கள், சகோதரிகளே.