பெண்களும் இருதய நோயும்: தடுப்பும் கண்காணிப்பும் பற்றிய சில சிந்தனைகள்

இருதய நோய் என்றதும் புகைபிடிக்கும் பழக்கமுள்ள, பொறுப்புமிக்க உத்தியோகம் வகிக்கும், நடுத்தர வயது ஆணொருவரின் உருவமே எம்மிற் பலரது மனக்கண்முன் தோன்றுகின்றது. பெண்களின் நோயெனில் மார்பகப் புற்றுநோயும் கருப்பைக் கழுத்துப் புற்றுநோயுமே நினைவுக்கு வருகின்றன. ஆயின், உலகிற் பெண்களின் மரணங்களில் ஏறக்குறைய மூன்றிலொன்று இருதய நோய், பாரிசவாதம் முதலான குருதிக்குழாய் நோய்களால் நேர்வதாகும். இம்முரண்பாடு எவ்வாறு தோன்றிற்று, அதனைக் களைய எமது சூழலில் யாது செய்யலாம் என்பவற்றை இங்கு நோக்குவோம்.

மருத்துவ ஆய்வு சமூகத்தின் பார்வைக்குப் புறம்பானதன்று. 1948 இல் அமெரிக்காவின் பிரேமிங்காம் நகரில் ஆரம்பமான இருதய ஆய்வு பெண்களையும் உள்ளடக்கியிருந்தது. எனினும், தடுப்பு முறைகளைச் சோதித்த பிந்திய பேராய்வுகள் சில ஆண்களோடு நின்றுவிட்டன. ஆபத்துக் காரணிகளைக் குறைப்பதன் பயனை ஆராய்ந்து 1982 இல் முடிவுகளை வெளியிட்ட ஆய்வொன்றிற் பங்குகொண்ட 12,866 பேரும் ஆண்கள். அஸ்பிரின் பற்றி 1989 இல் இறுதி முடிவுகளை வெளியிட்ட ஆய்விற் பங்குகொண்ட 22,071 வைத்தியர்களும் ஆண்களே. அம்மருந்து அவர்களிடையே முதல் மாரடைப்பைக் குறைத்தது, பாரிசவாதத்தைக் குறைக்கவில்லை. அதே வினா 39,876 பெண்களிடையே ஆராயப்பட்டு 2005 இல் விடை கிடைத்தபோது, பாரிசவாதம் ஓரளவு குறைந்திருந்தது. மாரடைப்பு மொத்தத்திற் குறையவில்லை. ஆணின் உடலைப் பொதுவிதியாகவும் பெண்ணின் உடலை அதன் பிரதியாகவும் கொள்ளும் நோக்கின் குறைபாட்டுக்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

மாதவிடாய் நிற்கும்வரை ஈஸ்திரசன் எனும் ஓமோன் பெண்ணைக் காக்கும். நின்றபின் அதனை மருந்தாக வழங்கினாற் போதும் என்ற நம்பிக்கையும் நெடுங்காலம் நிலவிற்று. ஆனால், ஈஸ்திரசனையும் புரோசெஸ்திரன் வகை ஓமோனையும் சேர்த்து வழங்கி 16,608 பெண்களிடையே நடத்தப்பட்ட ஆய்வு, நன்மையிலும் தீமை மிகுந்தமையால் 2002 இல் இடைநிறுத்தப்பட்டது.

ஆபத்துக் காரணிகள் பெரும்பாலும் இருபாலாருக்கும் பொதுவானவையே. எனினும் நீரிழிவும் உயர் குருதியமுக்கமும் பெண்ணின் இருதயத்தைக் கூடுதலாகப் பாதிப்பதை 52 நாடுகளில் நடத்தப்பட்டு 2004 இல் வெளியான ஆய்வு காட்டியது. இலங்கைப் பெண்களுட் புகைபிடிப்போர் மிகச் சிலரே. ஆயினும் அவர்கள் புகையினின்றும் விடுபட்டவராகார். விறகடுப்பின் புகையும் குருதிக்குழாய்களுக்குத் தீங்கானது. மேலும், நாள் முழுவதும் கொழுந்து பறித்துவிட்டு லயத்திற்கு மீண்டு அடுப்படியில் நிற்கும் பெண்ணுக்கும், தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்தே பொழுதைக் கழிக்கும் ஆடைத் தொழிலாளிக்கும் உடற்பயிற்சி, உணவுக் கட்டுப்பாடு, மன ஓய்வு என்று அறிவுரை கூறுதல் எளிது. ஓய்வு நேரமும் நல்லுணவுக்கான கூலியும் அவர்களுக்குக் கிட்டாதவரை அவ்வறிவுரை வெறுஞ் சொல்லாகவே எஞ்சும்.

இங்கு நாம் சிறப்பாக வலியுறுத்த விரும்புவது கர்ப்பகாலம் தரும் எச்சரிக்கையையாகும். கர்ப்பகாலத்திற் குருதியமுக்கம் உயர்ந்து, பெரும்பாலும் சிறுநீரிற் புரதமும் வெளியேறும் நிலை, அதாவது சூல்வலிப்புக்கு முந்திய நிலை, மகப்பேற்றோடு முடிந்துவிட்டதாகக் கருதப்படுகின்றது. உண்மையில், அந்நிலைக்குட்பட்ட பெண்ணுக்குப் பிற்காலத்தில் இருதய நோய் ஏற்படும் வாய்ப்பு ஏனையோரைவிட ஏறத்தாழ இருமடங்காகும். கர்ப்பகால நீரிழிவும் இவ்வாறே நிரந்தர நீரிழிவுக்கு முன்னறிகுறியாகின்றது. கர்ப்பம் இருதயத்திற்கு இயற்கை நடத்தும் ஒரு பரீட்சை எனலாம். அதன் பெறுபேறு தாயின் பதிவேட்டில் எழுதப்பட்டேயுள்ளது. பின்னர் அதனைப் படிப்பார்தாம் வேண்டும்.

இவ்விடயத்தில் இலங்கைக்கு அரியதொரு வாய்ப்புண்டு. 1926 இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கப்பட்டது முதல் வளர்ந்துவந்த தாய்சேய் நலச்சேவை, மருத்துவிச்சியைக் கிராமத்து வீட்டு வாசல்வரை கொண்டுசென்றது. 35 வயதை எய்திய பெண்களுக்கென 1996 முதல் சுகவனிதையர் கிளினிக்குகளும் நடைபெற்று வருகின்றன. ஆனால் 24 வயதிற் குருதியமுக்கத்துடன் மகப்பேறு கண்ட பெண்ணுக்கு அவ்வயது வரப் பதினொரு ஆண்டுகள் உள. அக்காலத்திற் குழந்தையின் நிறையைப் பதியும் கைகள் தாயின் குருதியமுக்கத்தையும் ஆண்டுக்கொருமுறை பதிதல் ஆகாததா? வெறுவயிற்றுச் சீனியளவு, கொழுப்பளவு, இடைச்சுற்றளவு என்பவற்றையும் உரிய இடைவெளிகளிற் பரிசோதிக்கலாம். தென்னாசியப் பெண்களுக்கு இடைச்சுற்றளவு 80 சென்ரிமீற்றரை எட்டுவதே ஓர் எச்சரிக்கையாகும்.

அறிகுறி பற்றியும் ஒன்று கூறவேண்டும். மாரடைப்பில் மார்புவலியே பெண்களிடத்தும் முதன்மையானது. ஆயினும் மூச்சுத்திணறல், தாடையிலும் முதுகிலும் வலி, குமட்டல், மிகுந்த களைப்பு என்பன அவர்களிடம் கூடுதலாகக் காணப்படுகின்றன. இவற்றை 'வாயு' என்றும் 'வேலைக்களைப்பு' என்றும் வீட்டாரும், சிலவேளை வைத்தியருங்கூட, ஒதுக்கிவிடுவதால் உயிர்காக்கும் நேரம் இழக்கப்படுகின்றது.

தாயைக் காத்தல் என்பது பிரசவத்தைப் பத்திரமாக முடித்தல் மட்டுமன்று. பிள்ளை பெறும் உடலாக மாத்திரம் பெண்ணைக் கண்ட பார்வை மாறி, வாழ்நாள் முழுவதும் நலம்பெறும் உரிமையுடையவளாக அவளைக் காணும்போதே இருதய நோய்த் தடுப்பு அவளையும் சென்றடையும்.