நலிந்த ரோஜாவும் நீரின் இயற்பியலும்

வீட்டில் ஒரு ரோஜாச் செடியாவது வைத்துப் பார்க்காதவர்கள் நம்மிடையே மிகச் சிலரே. நாற்றுப் பண்ணையில் நாலைந்து மொட்டுகளுடன் செழிப்பாக நின்ற செடி, வீட்டுக்கு வந்த இரண்டு மாதங்களில் இலை பழுத்து, கிளை கருகி, வெறும் முட்குச்சியாக நிற்பதையும் பலர் கண்டிருப்பர். "என் கைக்கு ரோஜா வராது" என்று சொல்லி அவர்கள் தொட்டியைக் கவிழ்த்துவிடுகின்றனர். அவ்வாறு கவிழ்க்கப்படும் செடிகளில் பல இன்னும் உயிருடன் இருப்பவை. அவற்றைப் பிழைக்க வைப்பது எப்படி? அதற்கு முன், அவை ஏன் நலிகின்றன? இவ்வினாக்களுக்கு விடை காண நான் ஒரு செடியிடம் பாடம் கற்க வேண்டியதாயிற்று.

என் தாயார் ஊரில் கிணற்றடியில் ஒரு பன்னீர் ரோஜா வளர்த்து வந்தார். அவர் மறைந்த பின் வீடு கைமாறியது. செடியை மட்டும் வேரோடு பெயர்த்து, ஒரு மண்தொட்டியில் வைத்து, நான் பணியாற்றும் நகருக்குக் கொண்டு வந்தேன். வாடகை வீட்டின் மொட்டை மாடியில் அதற்கு இடம் கிடைத்தது. சித்திரை மாதம். இலைகள் தொங்கின. காலையும் மாலையும் நீர் ஊற்றினேன். மேலும் தொங்கின. சத்துக் குறைவு என்று எண்ணி, இரண்டு லிட்டர் நீரில் ஒரு பெரிய கரண்டி பொட்டாஷ் உரத்தைக் கரைத்து ஊற்றினேன். மூன்றாம் நாள் இலை ஓரங்கள் தீய்ந்தன. புதிதாக வந்த ஒன்றிரண்டு தளிர்களும் வெளிறிய மஞ்சளாக இருந்தன.

எங்கள் கல்லூரித் தோட்டக்காரரை அழைத்து வந்து காட்டினேன். அவர் இலையைப் பார்க்கவில்லை. தொட்டியைத் தூக்கிப் பார்த்தார். மண்ணில் விரலை விட்டு எடுத்து முகர்ந்தார். "சார், இது தண்ணி இல்லாம வாடலை. தண்ணியிலே மூச்சு முட்டி வாடுது" என்றார். நுண்புழை ஏற்றத்தை ஆண்டுதோறும் வகுப்பில் கரும்பலகையில் வரைந்து விளக்கும் எனக்கு, அதே நுண்புழைகள் என் தொட்டிக்குள்ளேயே இருந்தது அன்றுதான் உறைத்தது.

வரவும் செலவும்

செடியின் நீர்க் கணக்கை முதன்முதலில் துல்லியமாகப் பார்த்தவர் இங்கிலாந்து நாட்டுப் பாதிரியார் ஸ்டீஃபன் ஹேல்ஸ். தொட்டியில் வளர்ந்த சூரியகாந்திச் செடியை நாள்தோறும் எடையிட்டு, அது இலைகள் வழியே இழக்கும் நீரை அளந்தார். இம்முடிவுகள் 1727-இல் நூலாக வெளிவந்தன. இந்த இழப்பையே நாம் நீராவிப்போக்கு என்கிறோம்.

இலைத் துளைகளிலிருந்து நீர் ஆவியாகும்போது, தண்டிலுள்ள நுண்குழாய்களில் இருக்கும் நீர்க்கம்பம் மேல்நோக்கி இழுக்கப்படுகிறது. நீர் மூலக்கூறுகள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டிருப்பதால் அக்கம்பம் அறுபடாமல் வேர் வரை இழுபடுகிறது. டப்ளின் நகரைச் சேர்ந்த டிக்சன், ஜோலி ஆகிய இருவரும் 1894-இல் இவ்விளக்கத்தை அளித்தனர். எனவே வேர் கொடுக்கும் வரவும் இலை செய்யும் செலவும் ஒத்திருக்க வேண்டும். வரவு குறைந்தால் இலை வாடும். மண்ணில் நீர் இல்லாவிட்டாலும் வரவு குறையும். நீர் இருந்தும் வேர் செயலிழந்தாலும் வரவு குறையும். வாடிய இலையை மட்டும் பார்த்து இவ்விரண்டையும் வேறு பிரித்தறிய இயலாது. பலர் தவறுவது இவ்விடத்தில்தான்.

ஈரத்திலும் தாகம்

வேரும் சுவாசிக்கிறது. அதற்கு வேண்டிய ஆக்சிஜன் மண் துகள்களுக்கு இடையேயுள்ள காற்றிலிருந்து வருகிறது. ஒரு லிட்டர் காற்றில் ஏறத்தாழ 210 மில்லிலிட்டர் ஆக்சிஜன் உண்டு. 30 பாகை செல்சியஸில் ஒரு லிட்டர் நீரில் கரைந்திருப்பதோ சுமார் 6 மில்லிலிட்டர்தான். மேலும், நீரில் ஆக்சிஜன் பரவும் வேகம் காற்றில் பரவுவதைப் போல் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. ஆகவே மண்ணின் துளைகளெல்லாம் நீரால் நிரம்பினால் வேர் மூச்சுத் திணறி அழுகுகிறது. அழுகிய வேர் நீரை உறிஞ்சாது. இலை வாடும். நாம் மேலும் நீர் ஊற்றுவோம்!

"தொட்டியின் அடியில் துளை இருக்கிறதே, மிகுதி நீர் வடிந்துவிடாதா?" என்று வாசகர்கள் கேட்கலாம். முழுவதும் வடியாது. ஒரு நீள்சதுரப் பஞ்சை நீரில் நனைத்துக் கிடைமட்டமாகப் பிடியுங்கள். சொட்டுவது நின்றதும் அதையே செங்குத்தாகத் திருப்புங்கள். மீண்டும் நீர் சொட்டும். பஞ்சின் நுண்துளைகள் ஒரு குறிப்பிட்ட உயரம் வரை நீரைத் தாங்கி நிற்கின்றன; அதற்கு மேலுள்ள நீர் மட்டுமே வடிகிறது. தொட்டி மண்ணும் இப்பஞ்சு போன்றதே.

நீர் தாங்கி நிற்கும் உயரம் துளையின் ஆரத்துக்கு எதிர்விகிதத்தில் அமையும். துளையின் ஆரம் 0.5 மி.மீ. ஆனால் அவ்வுயரம் ஏறத்தாழ 3 செ.மீ.; 0.1 மி.மீ. ஆனால் 15 செ.மீ. மண்ணின் உயரம் 25 செ.மீ. என்று கொள்வோம். மண் பருவெட்டாக இருந்தால் அடியில் 3 செ.மீ. மட்டும் நீர் நிரம்பி, மீதி 22 செ.மீ. காற்றோட்டமாக இருக்கும். நெருங்கிய மண்ணானால் அடியில் 15 செ.மீ. சேறாகி, மேலே 10 செ.மீ. மட்டுமே வேருக்கு எஞ்சும். களிமண்ணானால் தொட்டி முழுதும் சேறே.

தொட்டியடியில் ஓட்டாஞ்சில்லும் கூழாங்கல்லும் நிரப்பும் வழக்கம் இதற்குத் தீர்வாகாது. நுண்துளைகளில் பிடிபட்ட நீர், கற்களுக்கிடையேயுள்ள பெரிய வெற்றிடங்களுக்கு எளிதில் இறங்குவதில்லை. 5 செ.மீ. கல் நிரப்பினால் மண்ணின் உயரம் 20 செ.மீ. ஆகிறது, அதில் 15 செ.மீ. சேறு. காற்றோட்டமான பகுதி 10-இலிருந்து 5 செ.மீ.க்குக் குறைந்துவிடுகிறது. மண் ஒழுகாதிருக்கத் துளையின் மீது ஒரே ஓர் ஓட்டாஞ்சில்லை வைத்தால் போதும்.

உரம் உறிஞ்சும் நீர்

இனி நான் ஊற்றிய பொட்டாஷைப் பார்ப்போம். பெரிய கரண்டியில் 15 கிராம் எனக் கொண்டால், லிட்டருக்கு ஏழரை கிராம் ஆகிறது. 1901-இல் வேதியியலுக்கான முதல் நோபல் பரிசைப் பெற்ற வாண்ட் ஹாஃப் அளித்த சமன்பாட்டின்படி, இக்கரைசலின் சவ்வூடு பரவல் அழுத்தம் சுமார் 5 வளிமண்டல அழுத்தத்துக்குச் சமம். வேர்ச் செல்களின் சாறும் சில வளிமண்டல அழுத்தங்கள் உடையதே. வெளியே உப்பு மிகும்போது, உள்ளே வரவேண்டிய நீர் தயங்கி நிற்கிறது. சில வேளை வேரிலிருந்து வெளியேறவும் செய்கிறது. ஊறுகாய்க்கு உப்பிட்ட மாங்காய்த் துண்டு நீர் விடுவதைப் போன்றதே இது. ஆகவே நலிந்த செடிக்கு உரமிடுவது, பசித்தவனுக்கு உணவு தருவதாகாது. தாகத்தால் தவிப்பவனுக்கு உப்பு நீரைத் தருவதாகும்.

இரும்பின் நடுவே இரும்புப் பசி

தளிர் மஞ்சளானது ஏன்? இலை மஞ்சளாவதில் இரு வகை உண்டு. அடியிலுள்ள முதிர்ந்த இலைகள் முதலில் முழுதும் மஞ்சளானால் பெரும்பாலும் தழைச்சத்துக் குறைவு. அச்சத்து செடிக்குள் இடம்பெயரக் கூடியது. செடி அதை முதிர்ந்த இலையிலிருந்து எடுத்துத் தளிருக்குக் கொடுத்துவிடும். இரும்பு அவ்வாறு எளிதில் இடம்பெயராது. ஆகவே நரம்புகள் மட்டும் பச்சையாக இருக்கத் தளிர்கள் மஞ்சளானால் அது இரும்புக் குறைவு. பச்சையத்தின் மூலக்கூறில் இரும்பு இல்லை. ஆயினும் அதை உண்டாக்க இரும்பு இன்றியமையாதது.

செம்மண்ணின் சிவப்பே இரும்பு ஆக்சைடினால் வந்தது. அதில் நிற்கும் செடிக்கு இரும்புக் குறைவா? எங்கள் வீட்டு ஆழ்துளைக் கிணற்று நீரைக் காய்ச்சும் பாத்திரத்தின் அடியில் வெண்மையான படிவு கெட்டியாகப் பிடித்திருந்தது. அந்நீரிலுள்ள பைகார்பனேட் உப்புகள் மண்ணை நாளடைவில் காரத்தன்மை உடையதாக்குகின்றன. ரோஜாவுக்கு ஏற்றது பி.எச். எண் 6 முதல் 6.5 வரையுள்ள மண். பி.எச். ஓர் எண் உயர்ந்தால், கரைந்த நிலையிலுள்ள ஃபெர்ரிக் அயனிகளின் செறிவு ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். பெட்டி நிறையப் பணம் இருந்தும் சாவி தொலைந்த நிலைதான். துருப்பிடித்த ஆணிகளை மண்ணில் புதைப்பதால் பயனில்லை. அது பூட்டிய பெட்டியில் மேலும் பணம் போடுவதாகும்.

இதற்கு எளிய வழி, அன்னபேதியை இலை வழியே கொடுப்பது. ஒரு லிட்டர் நீரில் 5 கிராம் அன்னபேதியும் 1 கிராம் எலுமிச்சை உப்பும் கரைத்து, அன்றே மாலை வெயில் தாழ்ந்த பின் தெளிக்க வேண்டும். முதலில் இரண்டொரு இலைகளில் தெளித்துப் பார்த்துக்கொள்வது நலம். பத்து நாளுக்கு ஒரு முறையாக மூன்று முறை போதும். மழை நீரைச் சேமித்து ஊற்றுவதே நிலையான மருந்து.

சிகிச்சை முறை

முதலில் செடிக்கு உயிர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தண்டின் பட்டையை நகத்தால் இலேசாகக் கீறினால் உள்ளே பச்சை தெரிய வேண்டும். மேலிருந்து கருகிவரும் கிளையை, கருகல் முடிந்த இடத்துக்கும் 2 அல்லது 3 செ.மீ. கீழே, வெளிநோக்கிய ஒரு மொட்டுக்கு மேலாகச் சாய்வாக வெட்டுக. வெட்டிய முகத்தின் நடுவே பழுப்பு தெரிந்தால் இன்னும் கீழே வெட்டுக. ஒவ்வொரு வெட்டுக்கும் முன் கத்தியை ஸ்பிரிட்டால் துடைத்துக்கொள்வது அவசியம்.

அடுத்து, செடியைத் தொட்டியிலிருந்து மெல்ல எடுத்து வேரைப் பார்க்கவும். வெளிறிய நிறத்தில் உறுதியாக இருப்பவை உயிருள்ள வேர்கள். கருத்து, இழுத்தால் மேல்தோல் உருவிக்கொண்டு வருபவை அழுகியவை; அவற்றை நீக்குக. பண்ணையில் வாங்கும் செடிகளில் வேரைச் சுற்றிக் கெட்டியான மண் உருண்டை இருந்தால், ஒரு மணி நேரம் நீரில் ஊற வைத்துச் சிறிது சிறிதாகக் கரைத்துவிட வேண்டும். இரு பங்கு செம்மண், ஒரு பங்கு பருமணல், ஒரு பங்கு நன்கு மக்கிய தொழு உரம் சேர்ந்த கலவையில் மீண்டும் நடுக.

வேர் குறைந்ததால் வரவு குறைந்தது. ஆகவே செலவையும் குறைக்க வேண்டும். கிளைகளைக் கவாத்துச் செய்வதும், இரண்டு வாரம் நிழலில் வைப்பதும் இதற்காகவே. கறுப்புப் பிளாஸ்டிக் தொட்டி வெயிலை உறிஞ்சி வேரைச் சுடும். மண்தொட்டியின் சுவரிலோ நீர் கசிந்து ஆவியாகிறது. ஒரு கிராம் நீர் ஆவியாக ஏறத்தாழ 580 கலோரி வெப்பத்தை எடுத்துக்கொள்வதால் தொட்டி குளிர்கிறது.

நீர் ஊற்றும்போது அடித்துளையில் வழியும்வரை ஊற்றுக. தங்கிய உப்புகள் கரைந்து வெளியேறும். பிறகு மேல்மண் 3 அல்லது 4 செ.மீ. ஆழத்துக்கு உலரும்வரை ஊற்ற வேண்டாம். புதிய இலைகள் விரிந்து முற்றும்வரை எவ்வித உரமும் கூடாது.

எங்கள் செடியில் கவாத்துக்குப் பின் ஒரே ஒரு கிளைதான் மிஞ்சியது. நான்கு வாரம் எவ்வித மாற்றமும் இல்லை. ஐந்தாம் வாரம் கணுவில் அரிசி முனையளவு சிவப்பு தெரிந்தது. கார்த்திகையில் முதல் பூ மலர்ந்தது. அதன் பின் வெட்டிய இரு போத்துகளை வேறு தொட்டிகளில் ஊன்றி வைத்திருக்கிறேன்.

என் தாயார் நீர் ஊற்றும் முன் ஒவ்வொரு நாளும் செடியின் அடியில் விரலை நுழைத்துப் பார்ப்பார். சில நாட்கள் குடத்தை அப்படியே திரும்ப எடுத்துச் சென்றுவிடுவார். அது ஏதோ பழக்கம் என்று அந்நாளில் நான் எண்ணியிருந்தேன். இப்போது நானும் அப்படித்தான் பார்க்கிறேன்.