பிள்ளையின் இருதயமும் கொழும்புப் பயணமும்

பால் குடிக்கும்போது குழந்தையின் நெற்றி வியர்க்கிறது. சிறிது குடித்ததும் மூச்சு வாங்கி நிறுத்திவிடுகிறது. பசியால் மீண்டும் அழுகிறது. மாதங்கள் போகின்றன, நிறை ஏறவில்லை. நெஞ்சுச்சளி அடிக்கடி வருகிறது. இவற்றைக் கண்டும், "தகரக் கொட்டில் வெக்கைதானே" என்று நாம் இருந்துவிடக் கூடாது. இவை இருதயக் குறைபாட்டின் அடையாளங்களாக இருக்கலாம். உதடும் நாக்கும் நீலம் பாய்ந்தால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்க வேண்டாம். 1990 என்ற இலக்கத்தை அழைத்தால் சுவசெரிய நோயாளர் காவு வண்டி இலவசமாக வரும். வலிகாமம் வடக்கு மக்கள் ஊரைவிட்டுப் புறப்பட்ட ஆண்டும் 1990 தான். அதனால் இந்த இலக்கம் எங்களில் பலருக்கு மறக்காது.

உலகெங்கும் பிறக்கும் 100 குழந்தைகளில் ஏறக்குறைய ஒன்று இருதயக் குறைபாட்டுடன் பிறக்கிறது. கர்ப்ப காலத்தில் தாய்க்கு வந்த ரூபெல்லாக் காய்ச்சலோ, கட்டுப்படாத நீரிழிவோ சில பிள்ளைகளில் காரணமாகலாம். பெரும்பாலான பிள்ளைகளில் காரணம் இன்னதென்று சொல்ல முடிவதில்லை. கிரகணத்தில் வெளியே போனதாலும் முன்னோர் செய்த பாவத்தாலும் இது வருவதில்லை. தாயைக் குறைசொல்லும் பேச்சை வீட்டிலுள்ள பெரியவர்கள் நிறுத்த வேண்டும்.

தோட்டம் செய்தவர்களுக்கு இருதயத்தின் வேலையை விளங்கிக்கொள்வது கடினமல்ல. அருகருகே வைத்த இரண்டு இறைப்பு இயந்திரங்கள் என்று வைத்துக்கொள்வோம். வலது பக்கம் நுரையீரலுக்கு இரத்தத்தை அனுப்புகிறது. இடது பக்கம் உடல் முழுவதற்கும் அனுப்புவதால் அதன் அழுத்தம் அதிகம். இரண்டுக்கும் நடுவிலுள்ள சுவரில் துவாரம் இருந்தால், வரம்பு உடைத்த வாய்க்கால் நீர் பள்ளத்துப் பாத்திக்குப் பாய்வதுபோல, இடப்பக்க இரத்தம் வலப்பக்கம் பாய்கிறது. நுரையீரல் வெள்ளக்காடாகிறது. உடலுக்குப் போவது குறைகிறது. இருதயமோ இரட்டிப்பு வேலை செய்து களைக்கிறது. பிள்ளை நிறை ஏறாததன் காரணம் இதுதான்.

சிறிய துவாரங்கள் பல தாமாகவே மூடிக்கொள்ளும். கிளினிக்கில் பார்த்து வந்தால் போதும். சிலவற்றைத் தொடையிலுள்ள இரத்தக் குழாய் வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, நெஞ்சைத் திறக்காமலே மூடலாம். பெரிய துவாரங்களுக்குச் சத்திரசிகிச்சை வேண்டும். அதற்கு உரிய காலம் உண்டு. ஆண்டுக்கணக்கில் விட்டுவிட்டால் நுரையீரலின் குழாய்கள் தடித்து இறுகிவிடும். அதன்பின் துவாரத்தை மூடுவதே ஆபத்தாகிவிடும்.

முதலில் போகவேண்டியது உங்கள் குடும்பநல உத்தியோகத்தரிடமும் அருகிலுள்ள அரசாங்க வைத்தியசாலைக்கும்தான். அங்கிருந்து குழந்தை வைத்திய நிபுணரிடம் அனுப்புவார்கள். எக்கோ பரிசோதனையில் குறைபாடு உறுதியானால் பலர் கொழும்பு பொரளையிலுள்ள சீமாட்டி ரிஜ்வே சிறுவர் வைத்தியசாலைக்கு அனுப்பப்படுகிறார்கள். 1895 இல் தொடங்கிய இந்த வைத்தியசாலை அரசாங்கத்தினுடையது. சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை. காணியை ஈடுவைத்துக் கடன்படுவதற்கு முன் இதைக் கேட்டறிய வேண்டும்.

ஆனால் காத்திருக்க வேண்டிவரும். காரணம் வைத்தியர் இல்லாமை மட்டுமல்ல. சத்திரசிகிச்சை முடிந்த குழந்தைக்குச் சுவாச இயந்திரம், இடைவிடாது பார்க்க ஒரு தாதி, அதிதீவிர சிகிச்சைப் பிரிவில் ஒரு கட்டில் ஆகியன வேண்டும். அந்தக் கட்டில் வேறொரு கடும் நோயுற்ற பிள்ளைக்குப் போய்விட்டால் சத்திரசிகிச்சை தள்ளிப்போகும். இதனால்தான் இலங்கை குழந்தைநல வைத்திய நிபுணர்கள் கல்லூரி, இருதய சிகிச்சையையும் தீவிர சிகிச்சையையும் ஒரே கட்டடத்தில் அமைக்க, 'லிட்டில் ஹார்ட்ஸ்' என்ற பெயரில் 200 கோடி ரூபா இலக்குடன் பொதுமக்களிடம் நிதி திரட்டியது.

திகதி தள்ளிப்போகும்போதுதான் எங்கள் குடும்பங்கள் தவறிப்போகின்றன. கடிதம் பழைய முகாம் விலாசத்துக்குப் போகிறது. தொலைபேசி இலக்கமும் மாறியிருக்கிறது. அழைத்தும் வராத பிள்ளையின் இடம் அடுத்தவருக்குப் போய்விடும். எனவே இடம் மாறினால் விதானைக்கு அறிவிப்பதுபோல கிளினிக்குக்கும் அறிவியுங்கள். மாறாமல் ஓரிடத்தில் இருக்கும் உறவினரின் இலக்கத்தையும், உங்கள் பங்குத் தந்தை சம்மதித்தால் பங்குமனையின் விலாசத்தையும் சேர்த்துக் கொடுக்கலாம். கிளினிக் கொப்பி, எக்கோ அறிக்கை, பிள்ளையின் நிறைப் புத்தகம் மூன்றையும் பொலித்தீன் உறையில் வைத்து, எங்கு ஓடினாலும் கையோடு கொண்டுபோக வேண்டும். உறுதியைக் காப்பாற்றியவர்களுக்கு இதைக் கற்றுத்தர வேண்டியதில்லை.

கொழும்பில் எங்களவர் தங்குவது பெரும்பாலும் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும். வெள்ளவத்தை காலி வீதியிலிருந்து 154 ஆம் இலக்க பஸ் பொரளைக்குப் போகும். கொட்டாஞ்சேனைப் பக்கம் தங்குவோர் ஹெட்டியாவத்தையில் 176 ஐப் பிடிக்கலாம். வாட்டில் பொதுவாகத் தாய்க்கே இடம் கிடைக்கும். தகப்பனுக்கு வெளியே அறை தேவைப்படும். எனவே போகுமுன் செலவைக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள். சிங்களம் தெரிந்த ஒருவர் முதல் நாளாவது கூடப்போவது நல்லது. வைத்தியர் சொன்னது விளங்காவிட்டால் தலையாட்டிவிட்டு வராமல் மீண்டும் கேளுங்கள்.

பிறவிக் குறைபாடு இல்லாத பிள்ளைக்கும் இருதயம் பழுதடையலாம். நெருக்கமான குடியிருப்புகளில் எளிதில் பரவும் ஒருவகைத் தொண்டை நோவுக்கு மருந்து செய்யாமல் விட்டால், 5 முதல் 15 வயதுப் பிள்ளைகளில் சிலருக்கு இரண்டு மூன்று வாரங்களின்பின் காய்ச்சலுடன் மூட்டுகள் மாறி மாறி வீங்கும். இந்த வாதக் காய்ச்சல் இருதய வால்வுகளைத் தாக்கும். அப்படி வந்த பிள்ளைக்கு 3 அல்லது 4 வாரத்துக்கு ஒருமுறை பெனிசிலின் ஊசி பல ஆண்டுகளுக்குப் போட வேண்டும். ஊர் மாறினால், அடுத்த ஊசித் திகதிக்கு முன்னரே புதிய இடத்து வைத்தியசாலையில் கொப்பியைக் காட்டிப் பதிந்துகொள்ளுங்கள்.