காய்ந்த சேற்றில் ஒரு பசும்பாசி

ஜூன் பிறந்து நாலு மழை பெய்துவிட்டால் போதும். தாராவிச் சால்களின் படிக்கட்டு, மாதுங்காவின் பழைய கட்டட மதில்கள், செம்பூர்க் காலனிகளின் மரத்தடி எல்லாம் பச்சை பூத்துவிடும். "பாசி புடிச்சிருக்கு, பாத்து நட" என்று பிள்ளைகளை எச்சரிக்காத தமிழ்க் குடும்பம் மும்பையில் இருக்க முடியாது. தாமிரபரணிப் படித்துறையில் பழகிய சொல்லை இங்கேயும் கொண்டுவந்துவிட்டோம். நீரில் மிதக்கும் நூலும் பாசி, மதிலில் படரும் மெத்தையும் பாசி, கழுத்தில் போடும் மணியும் பாசி! வீட்டுப் பேச்சுக்கு அது போதும். தாவரவியல் பாடம் நடத்திப் பிழைத்த என் போன்றவர்களுக்குத்தான் போதாது.

மதிலில் வெல்வெட் விரித்தாற்போல் இருப்பது பெரும்பாலும் பாசியே அல்ல. அது மாஸ் என்னும் சின்னஞ்சிறு நிலத்தாவரம். லென்ஸ் வைத்துப் பார்த்தால் தண்டும் இலையும் தெரியும். படியில் கறுப்பும் பச்சையுமாக வழவழவென்று காலை வாரிவிடுவது பல நேரம் நீலப்பச்சைப் பாசி. அதன் செல்லில் உட்கரு கிடையாது. உண்மையில் அது பாக்டீரியாக் குலம். இந்த இரண்டையும் கழித்த பிறகு நிற்கும் பச்சையில் பெரும்பகுதி பசும்பாசிகள். உட்கரு உண்டு. பச்சையம் ஏ, பி இரண்டும் உண்டு. செய்த உணவை மாவுச்சத்தாக்கிப் பசுங்கணிகத்துக்குள்ளேயே சேர்த்து வைக்கும். நெல்லுக்கும் ஆலமரத்துக்கும் இதே குணங்கள்தாம். ஆகவே நிலத்துத் தாவரங்களின் மூதாதை ஒரு பசும்பாசி என்பதில் அறிஞர்களுக்குள் சண்டை இல்லை. எந்தக் கிளைப் பசும்பாசி என்பதில்தான் வெகுகாலம் சண்டை. அந்த வழக்கில் நம்ம சென்னைக்காரர் ஒருவரின் பெயரும் உண்டு.

இந்தியப் பாசியியலின் தந்தை என்று போற்றப்படும் எம். ஓ. பி. அய்யங்கார் (1886-1963) அவர். சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்றவர், பிறகு அங்கேயே பேராசிரியர். பல்கலைக்கழகத் தாவரவியல் ஆய்வுக்கூடத்துக்கும் தலைமை வகித்தவர். லண்டனில் எஃப். ஈ. ஃபிரிட்ஷ் என்ற பெரும் பாசியியல் அறிஞரிடம் ஆய்வு செய்தார். தென்னிந்தியாவில் மழைநீர் வற்றும் ஈரமண்ணில் தாம் கண்ட ஒரு பாசியை 1932-இல் உலகுக்கு அறிவித்தபோது, அந்த அறிஞரின் பெயரையே இட்டு ஃபிரிட்ஷியெல்லா டியூபரோசா என்றார்.

மேலே பார்த்தால் மண்ணில் பச்சைப்பொடி தூவியது போலத்தான். ஆனால் இதில் பாதி உடல் மண்ணுக்கு உள்ளே இருக்கிறது. வேர்போல் நிறமற்ற இழை ஒன்று கீழே இறங்கும். மண்ணுக்குள் செல்கள் கிழங்குபோல் திரண்டு உணவைச் சேர்த்து வைக்கும். அங்கிருந்து கிளைத்த இழைகள் காற்றுவெளிக்கு எழும். மண் காய்ந்தால் மேலே உள்ளது மடியும், கிழங்குச் செல்கள் பிழைத்துக் கிடக்கும், அடுத்த மழையில் மறுபடி தளிர்க்கும். கோரைக் கிழங்கைப் பிடுங்கி அலுத்தவர்களுக்கு இந்த வித்தை புதிதல்ல! ஒரு பாசியிடம் இப்படி வேலைப் பிரிவினை இருப்பது வியப்பு அல்லவா? நீரிலிருந்து நிலத்துக்கு ஏறிய முதல் தாவரம் இப்படித்தான் இருந்திருக்கும் என்று பாடப்புத்தகங்கள் எழுதின. நாங்களும் அப்படியே படித்தோம்.

பிறகு எலெக்ட்ரான் நுண்ணோக்கி வந்தது. 1960-களின் பிற்பகுதியிலும் 1970-களிலும் ஆய்வாளர்கள் பாசியின் வெளித்தோற்றத்தை விட்டுவிட்டு, ஒரு செல் இரண்டாகும்போது நடுச்சுவர் எழும்பும் விதத்தைப் பார்த்தார்கள். ஒரே அறையை நடுவில் தடுத்து இரண்டு குடித்தனம் ஆக்குவது மும்பைவாசிகளுக்குப் பழக்கம்தானே. அதற்குச் சாரம் கட்டுவது போல, செல்லிலும் நுண்குழல்கள் சாரமாக நிற்கும். நிலத்தாவரங்களில் இந்தச் சாரம் புதுச்சுவருக்குச் செங்குத்தாக நிற்கிறது. காரா என்ற குளத்துப் பாசியிலும் அப்படியே. ஃபிரிட்ஷியெல்லா குடும்பத்திலோ சாரம் சுவருக்கு இணையாகக் கிடக்கிறது. வெளியே பார்த்தால் உறவு, உள்ளே பார்த்தால் வேறு கொத்தனார்.

மரபணு ஆய்வுகளும் அதையே உறுதி செய்தன. இன்று பசும்பாசிகளை இரண்டு பெரிய கிளைகளாகப் பிரிக்கிறார்கள். குளோரோஃபைட்டா ஒன்று: கிளாமிடோமோனாஸ், வால்வாக்ஸ், குளோரெல்லா, ஊடோகோனியம், நமது ஃபிரிட்ஷியெல்லா எல்லாம் இதில். ஸ்ட்ரெப்டோஃபைட்டா மற்றது: கிளெப்சார்மிடியம், காரா, ஸ்பைரோகைரா, இவற்றோடு நிலத்துத் தாவரங்கள் அத்தனையும். ஆக, ஃபிரிட்ஷியெல்லா நமது பாட்டி அல்ல, தூரத்துச் சொந்தம். இதனால் அய்யங்காரின் கண்டுபிடிப்பு சிறுத்துப்போனதாக நான் எண்ணவில்லை. மண்ணில் வாழும் வித்தை ஒன்றுக்கு மேற்பட்ட குடும்பங்களில் தனித்தனியே உண்டானது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி ஏது?

அப்படியானால் நிலத்தாவரங்களுக்கு மிக நெருங்கிய உறவு எது? பார்க்கப் பெரிதான காரா கூட அல்லவாம், கிளையே இல்லாத ஸ்பைரோகைராவின் வகுப்பு. 2019-இல் அவ்வகுப்பில் ஈரநிலத்தில் வாழும் இரண்டு இனங்களின் மரபணுத் தொகுதியைப் படித்தார்கள். வறட்சியைத் தாங்க நிலத்தாவரங்களுக்கு உதவும் சில மரபணுக் குடும்பங்கள் அவற்றிலும் இருந்தன. இவை மண் பாக்டீரியாக்களிடமிருந்து வந்திருக்க வேண்டும் என்பது அந்த ஆய்வின் கருத்து.

நன்னீர்ப் பாசி, மண்பாசி என்று வாழிடத்தை வைத்துப் பிரித்தால் இந்த உறவு எதுவும் தெரியாது. ஆய்வுக்கூடங்களில் பெயர்பெற்ற கிளாமிடோமோனாஸ் 1945-இல் அமெரிக்காவில் ஓர் உருளைக்கிழங்கு வயலின் மண்ணில் எடுத்தது; அதே பேரினத்தைக் குட்டையிலும் பார்க்கலாம். மரப்பட்டையில் துரு நிறத்தில் படரும் ட்ரென்டிபோலியாவும் பசும்பாசிதான். ஆரஞ்சு நிறமி பச்சையை மறைத்துவிடுகிறது. 2001-இல் கேரளத்தில் பெய்த சிவப்பு மழைக்கு இதன் விதைத்தூள்களே காரணம் என்று அரசின் சார்பில் ஆராய்ந்தவர்கள் சொன்னார்கள். கழிவு கலந்து ஓடும் சாக்கடை நீரைத் தாங்குவதில் ஸ்டிஜியோகுளோனியம் பேர்போனது. அது ஃபிரிட்ஷியெல்லாவுக்கு நெருங்கிய பங்காளி!

நம்ம பம்பாயிலும் இதற்கு ஆள் இருந்தார்கள். பாந்த்ரா குளம் ஒன்றில் பருவந்தோறும் எந்தப் பாசி வருகிறது, எது போகிறது என்று இ. ஏ. கொன்சால்வஸும் ஜோஷியும் கணக்கெடுத்து 1946-இல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழக இதழில் எழுதினார்கள். ஊடோகோனியம் வரிசைக்குக் கொன்சால்வஸ் எழுதிய பெருநூல் 1981-இல் வெளிவந்தது. குளம் இருந்தால்தானே கணக்கெடுக்க முடியும்? நகரம் ஒவ்வொரு குட்டையாகத் தூர்த்துக்கொண்டு போனால் இந்தக் கணக்கோடு ஒப்பிட எதுவும் மிஞ்சாது.

பிள்ளைகளின் பள்ளியில் சாதாரண நுண்ணோக்கி இருந்தாலே போதும். தேங்கிய தெளிநீரில் மிதக்கும் நூலைத் தொட்டுப் பாருங்கள். வழுவழுப்பாக இருந்தால் ஸ்பைரோகைராவாக இருக்க நல்ல வாய்ப்பு. உள்ளே ரிப்பன் சுற்றியது போன்ற பசுங்கணிகம் தெரிந்தால் சந்தேகமே இல்லை. மழை ஓய்ந்து குட்டைகள் வற்றும்போது ஓரத்து மண்ணில் பச்சைப்பொடி கண்டால், மேலாகச் சுரண்டாமல் கரண்டியால் அரை அங்குல மண்ணோடு சேர்த்து எடுங்கள். பாதி உடல் கீழே இருக்குமே.