விழட்டும்... எழட்டும்!

போன சித்திரையில் நரிக்குடிக்கு, என் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அந்தப் பக்கத்து வெயிலைப் பற்றி உங்களுக்குத் தெரியுமோ என்னவோ! காலை பத்து மணிக்கே கண்மாய்க்கரைக் கருவேல மரங்களுக்கு மேல் கானல் ஆட ஆரம்பித்துவிடும். சாயங்காலம் நாலரை வரை பிள்ளைகள் தெருவில் கால் வைக்க முடியாது. பத்தாம் வகுப்பு போகப் போகிற பையன் வீட்டுக்குள் என்ன செய்வான்?

என் அக்கா மகன் கம்ப்யூட்டர் கேம் ஆடிக்கொண்டிருந்தான். அவனுடைய அக்காவுக்கு பிளஸ் டூ படித்தபோது அரசாங்கம் கொடுத்த பழைய லேப்டாப்பில்.

"எந்நேரமும் இதே பொழைப்புத்தான். நீயாவது ரெண்டு வார்த்தை சொல்லுடி" என்றாள் அக்கா.

சொல்லலாம் என்றுதான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். ஆனால், கற்றுக்கொண்டு வந்தது நான்தான்!

திரையில் சிவப்பு முடியோடு ஒரு குட்டிப் பெண் பொம்மை. மலை ஏற வேண்டும். ஓடலாம், தாவலாம், அந்தரத்தில் ஒரே ஒரு தடவை பாயலாம். அவ்வளவுதான். முள்ளில் பட்டால் போச்சு, பள்ளத்தில் விழுந்தால் போச்சு. நாம் சின்ன வயதில் பாண்டி ஆடவில்லையா? கோட்டை மிதித்தால் அவுட். ஏறக்குறைய அதேதான்.

பையன் விழுந்தான். மறுபடி விழுந்தான். எனக்கே பொறுக்கவில்லை. "போதும்டா, எத்தனை தடவைதான் விழுவே?" என்றேன்.

"நேத்து உச்சிக்கே போயிட்டேன் சித்தி! கடைசில கணக்குக் காட்டுச்சு. 312 தடவை விழுந்திருக்கேன்!" என்றான் பெருமையாக.

எனக்குச் சுருக்கென்றது. இதே பையன்தான் அரைப் பரீட்சையில் கணக்கில் 38 மார்க் வாங்கியதற்கு இரண்டு நாள் சரியாகச் சாப்பிடாமல் கிடந்தான். அடுத்த பரீட்சை அன்று காலையில், "நெஞ்சு படபடன்னு அடிக்குதும்மா, மூச்சு முட்டுது" என்று உட்கார்ந்துவிட்டான். பதறிப்போய் டாக்டரிடம் ஓடினார்கள். ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்த டாக்டர், "இதயத்தில் ஒன்றுமில்லை, பயம்தான்" என்றார்.

312 தடவை விழுந்ததைச் சிரித்துக்கொண்டே சொல்கிறவன், ஒரு 38 மார்க்குக்கு ஏன் அப்படி ஒடிந்து போனான்?

அவனிடமே கேட்டேன். "இதுல விழுந்தா அந்த எடத்துலயே திரும்ப நிப்பேன் சித்தி. யாரும் திட்ட மாட்டாங்க" என்றான்.

அக்கா அடுப்படி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். ஒன்றும் பேசவில்லை.

நாலே நாளில் பிறந்த விளையாட்டு

அந்த விளையாட்டின் பெயர் 'செலஸ்ட்'. பெரிய கம்பெனிச் சரக்கு அல்ல. மேடி தார்சன், நோயல் பெர்ரி என்ற இருவர் நாலே நாளில் செய்தது. 'பிகோ-8' என்ற குட்டி மென்பொருளில் உருவானது. மொத்தம் 30 கட்டங்கள். ஒரு கட்டத்தில் விழுந்தால் அந்தக் கட்டத்தின் ஆரம்பத்துக்கே திரும்பலாம். மலையடிவாரத்துக்குப் போக வேண்டியதில்லை. இன்டர்நெட்டில் காசில்லாமல் ஆடலாம்.

இதையே பெரிதாக்கி 2018 ஜனவரியில் முழு விளையாட்டாக வெளியிட்டார்கள். அதில் மலை ஏறும் பெண்ணின் பெயர் மேடலின். அவளுக்கும் நம் பையனைப் போலத்தான்: பதற்றம், மனச்சோர்வு! வழியில் கம்பிவட வண்டி அந்தரத்தில் நின்றுவிடுகிறது. அவளுக்கு மூச்சு முட்டுகிறது. உடனிருக்கும் நண்பன், "ஒரு இறகு மிதப்பதாக நினைத்துக்கொள், அதற்கேற்ற மாதிரி மெதுவாக மூச்சு விடு" என்று சொல்லித் தருகிறான். ஆடுகிறவர்தான் அந்த இறகை மேலும் கீழும் மிதக்கவிட வேண்டும். ஆட முடியாமல் திணறுகிறவர்களுக்கு வேகத்தைக் குறைத்துக்கொள்ளவும் வசதி வைத்திருக்கிறார்கள். அந்த வருடத்தின் 'கேம் அவார்ட்ஸ்' விழாவில் சிறந்த சுயாதீன விளையாட்டுக்கான பரிசு இதற்குத்தான்.

இறகு வைத்தியம் வெறும் கதையல்ல. மூக்கால் நாலு எண்ணும் வரை மூச்சை இழுங்கள். ஆறு எண்ணும் வரை மெதுவாக விடுங்கள். வெளிமூச்சு நீளும்போது உடம்பை அமைதிப்படுத்தும் நரம்பு மண்டலம் வேலை செய்து, இதயத் துடிப்பு இறங்கும். பரீட்சைக்குப் போகும் முன் ஐந்து நிமிடம் போதும்.

ஒரு விஷயம். முதல் தடவை நெஞ்சுப் படபடப்போ மூச்சுத் திணறலோ வந்தால், 'பயம்தான்' என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள். டாக்டர் பார்த்துச் சொல்லட்டும்.

எல்லா கேமும் ஒன்றா?

இல்லவே இல்லை. 'செலஸ்ட்' மாதிரி விளையாட்டுக்கு முடிவு உண்டு. உச்சிக்குப் போனால் ஆட்டம் முடிந்தது. முடிவே இல்லாமல் இழுத்துக்கொண்டே போகிறவை, "இன்னும் பத்து ரூபாய் கட்டு" என்று நச்சரிக்கிறவை – இவற்றிடம்தான் ஜாக்கிரதை. பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடுக்க மத்திய அரசு 2025-ல் சட்டமே கொண்டு வந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

நல்ல விளையாட்டுக்கும் அளவு வேண்டாமா? இவற்றைக் கவனியுங்கள்:

* இரண்டு வயது வரை திரையே வேண்டாம். ஐந்து வயது வரை ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது. ஐந்திலிருந்து பத்து வரை இரண்டு மணி நேரத்துக்குள். இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2021-ல் சொன்ன கணக்கு இது. பெரிய பிள்ளைகளுக்குத் தூக்கம், படிப்பு, ஓடியாடும் நேரம் போக மிச்சத்தில்தான் விளையாட்டு.

* திரையைப் பார்க்கும்போது கண் இமைப்பது குறையும், கண் உலரும். 20 நிமிடத்துக்கு ஒரு தடவை, 20 அடி தூரத்தில் உள்ளதை 20 விநாடி பார்க்கச் சொல்லுங்கள். ஜன்னல் வழியே தெரியும் வேப்பமரம் போதும்.

* வெயில் தாழ்ந்ததும் வெளியே அனுப்புங்கள். வெளிச்சத்தில் விளையாடும் பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை வருவது குறைவு.

* வலிப்பு உள்ள பிள்ளையென்றால், பளிச் பளிச்சென்று மின்னும் விளையாட்டுகளை டாக்டரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள்.

* நிறுத்தச் சொன்னால் நிறுத்த முடியவில்லை, சாப்பாடு, தூக்கம், பள்ளிக்கூடம் எல்லாம் பின்னால் போகிறது, கெடுதல் என்று தெரிந்தும் விடவில்லை... இப்படி இருந்தால் அது வேறு. இதை உலக சுகாதார நிறுவனமே நோய்ப் பட்டியலில் சேர்த்திருக்கிறது; 2022 முதல் அமலில் உள்ளது. வெட்கப்படாமல் உதவி கேளுங்கள். 'டெலி மானஸ்' இலவச எண்: 14416. தமிழிலும் பேசலாம்.

ஒரே கட்டம்

சாயங்காலம் வெயில் இறங்கியதும் பையன் பந்தை எடுத்துக்கொண்டு தெருவுக்கு ஓடினான். அக்கா மெதுவாகக் கேட்டாள்: "ஏன்டி, 38 வாங்கினப்ப நான் ரொம்பத்தான் பேசிட்டேனோ?"

நாம் எல்லோருமே பேசுகிறோம். பிள்ளை ஒரு பாடத்தில் சறுக்கினால், ஒண்ணாம் கிளாஸிலிருந்து அவன் செய்த தப்பையெல்லாம் இழுக்கிறோம். எதிர்வீட்டுப் பிள்ளையையும் சேர்த்துக்கொள்கிறோம். அதாவது, ஒரு கட்டத்தில் விழுந்தவனை மலையடிவாரத்துக்கே தள்ளிவிடுகிறோம்! எழுந்து வர அவனுக்கு எங்கே தெம்பு இருக்கும்?

அன்று ராத்திரி சாப்பிடும்போது அக்கா சொன்னாள்: "கணக்குல எந்தப் பாடம்டா ஒனக்குக் கஷ்டம்? அது ஒண்ண மட்டும் நாளைக்கிப் பாப்போமா?"

பையன் தட்டிலிருந்து நிமிர்ந்து பார்த்தான். "இயற்கணிதம்" என்றான்.

அடுத்த முறை உங்கள் பிள்ளை மார்க் ஷீட்டை நீட்டும்போது, நீங்களும் ஒரே ஒரு கட்டத்தை மட்டும் கேட்டுப் பாருங்களேன்!