அவசர சிகிச்சையில் ஆக்சிசன்

அவசர சிகிச்சையில் ஆக்சிசன் அளித்தல் என்பது, குருதியில் ஆக்சிசன் குறைந்த நோயாளிக்கு, காற்றில் உள்ளதைவிடக் கூடுதல் விழுக்காட்டில் அவ்வளியைச் சுவாசிக்கக் கொடுப்பதாகும். சாதாரணக் காற்றில் ஆக்சிசன் சுமார் 21 விழுக்காடு உள்ளது. நிமோனியா, கடும் ஆஸ்துமா, நுரையீரலில் நீர் கோத்தல் போன்ற நிலைகளில் அது போதாமல் போகலாம். ஆக்சிசனும் ஒரு மருந்தே. அதற்கும் அளவு உண்டு.

மூச்சுத் திணறலும் ஆக்சிசன் குறைவும் ஒன்றல்ல. பதற்றத்தால் வேகமாக மூச்சு வாங்குபவரின் குருதியில் ஆக்சிசன் இயல்பாகவே இருக்கலாம். அவருக்கு முகமூடி மாட்டுவதால் பயனில்லை. ஆகவே விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டரால் ஈமோகுளோபினில் எத்தனை விழுக்காடு ஆக்சிசனைச் சுமக்கிறது என்று முதலில் அளப்பர். உயிர் ஊசலாடும் நிலையில் மட்டும் அளவீட்டுக்குக் காத்திருப்பதில்லை. இக்கருவி ஏமாறும் இடமும் உண்டு. மூடிய அறையில் கரிப்புகையைச் சுவாசித்தவரின் ஈமோகுளோபினில் கார்பன் மோனாக்சைடு ஒட்டியிருக்கும். கருவி அதையும் ஆக்சிசன் என்று எண்ணி நல்ல அளவைக் காட்டும். அவருக்கு அந்த எண்ணை நம்பாமல் உயர் அளவு ஆக்சிசன் தரப்படுகிறது.

லேசான குறைவுக்கு மூக்குக் குழாய் வழியே நிமிடத்திற்கு 1 முதல் 6 லிட்டர் வரை போதும். சாதாரண முகமூடியில் 5 லிட்டருக்குக் குறைத்தால், விட்ட மூச்சையே நோயாளி மீண்டும் இழுக்க நேரிடும். கடும் குறைவுக்குச் சேமிப்புப் பையுள்ள முகமூடியில் 10 முதல் 15 லிட்டர் தருவர். பை நிரம்பிய பிறகே அதை மாட்ட வேண்டும்.

பெரும்பாலான நோயாளிகளுக்கு இலக்கு 94–98 விழுக்காடு. புகைபிடித்தலாலும் விறகடுப்புப் புகையாலும் வரும் நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உள்ளவர்களுக்கோ 88–92 மட்டுமே. பழுதுபட்ட பகுதிகளுக்குச் செல்லும் குருதியைக் குறைத்து நல்ல பகுதிகளுக்குத் திருப்பிவிடும் ஏற்பாடு நுரையீரலில் உண்டு. மிகை ஆக்சிசன் அதைக் குலைக்கிறது. கார்பன் டை ஆக்சைடு குருதியில் தேங்குகிறது. நோயாளி மெல்லக் கண் அயர்வார். உறவினர்கள் அசந்து தூங்குகிறார் என்று நிம்மதி அடையும் அந்த நேரமே ஆபத்தான நேரம்.

ஆஸ்திரேலியாவின் தாஸ்மேனியாவில், ஆம்புலன்சில் ஏற்றப்பட்ட இத்தகைய 405 நோயாளிகளிடம் நடந்த ஆய்வு 2010இல் வெளியானது. உயர் அளவு ஆக்சிசன் பெற்றவர்களில் 9 விழுக்காட்டினரும், 88–92 இலக்கில் அளந்து பெற்றவர்களில் 4 விழுக்காட்டினரும் இறந்தனர்.

இதைக் கொண்டு இந்நோயாளிகளுக்கு ஆக்சிசனே கூடாது என்று கொள்வது தவறு. ஆக்சிசன் குறைவு நிமிடங்களில் கொல்லும். 24 அல்லது 28 விழுக்காடு என மாறாத அளவில் தரும் வெஞ்சுரி முகமூடி இவர்களுக்கு ஏற்றது. தமனிக் குருதியைச் சோதித்து அளவைத் திருத்திக்கொள்வர்.